சித்தப்பா கொளுத்திய போலி

பட்டுக் கடையில் முதலில் பிரித்துக் காட்டும் புடவையை யாரும் வாங்குவதில்லை. ஆனால் எல்லோரும் அதை வாங்கப்போகிறவர்கள் போலவே பார்ப்பார்கள். காலையெல்லாம் பிரித்து, சாயங்காலமெல்லாம் மடித்து, நடுவில் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்த தோழிகளே, உங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

நான் எம்.ஏ. தமிழ். ஆய்வேட்டுக்கு எடுத்த தலைப்பு, பாசாங்கு செய்கிறவர்களைக் குறிக்கும் சொற்கள். லீவில் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடை ஒன்றில் சேர்ந்தேன். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் அடுத்த செமஸ்டர் இல்லை. முதலாளி முதல் நாளே கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "கஸ்டமர்கிட்ட மட்டும் வாதம் பண்ணாதம்மா. பண்ணா, அன்னிக்கே நின்னுடு."

மாமியாருக்கு ஒரு போட்டோ

சென்னையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். பாதி அலமாரியைப் பிரிக்க வைத்து, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தார்கள். மாமியாருக்கு அனுப்புகிறார்களாம். முந்தியை எடுத்தார்கள், கரையை எடுத்தார்கள், சரி. உள்பக்கத்தையும் விலைச்சீட்டையும் எந்த மாமியார் கேட்பாள்? ஏதோ ஆன்லைன் கடையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று புரிந்து வாயைத் திறந்தேன். கடையில் சீனியரான நூர்ஜஹான் அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். "வாட்ஸ்அப்ல சொல்றோம்" என்று அவர்கள் போயே போய்விட்டார்கள்.

கொதித்துப்போய், இவர்களுக்கெல்லாம் என்னதான் பெயர் என்று அக்காவிடம் கேட்டேன். "பாவ்லா" என்றார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, உருதுவா, தெலுங்கா என்று விடாமல் கேட்டேன். அக்கா மடித்துக்கொண்டே சொன்னார்: "எங்கருந்து வந்தா என்னம்மா, தினம் காலையில நேரா நம்ம கடைக்குத்தான் வருது!"

ஊடை இல்லாத தறி

கடை வாசலில் ஒரு தறி உண்டு. அதில் நெய்பவர், எங்கள் செக்யூரிட்டி மணி அண்ணன். டூரிஸ்ட் வேன் வந்து நின்றால் தொப்பியையும் சட்டையையும் கழற்றிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிடுவார். நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கும். அதற்குள் நூல்தான் இருக்காது. குறுக்கே ஓட ஊடையே இல்லாவிட்டால் துணி எப்படி வளரும்? நான் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பச்சைப் புடவை அதே முழத்தில் நிற்கிறது.

நிஜ நெசவாளிகள் அடுத்த தெருவில் இருக்கும்போது இதென்ன கூத்து? அண்ணன் கஸ்டமர் இல்லையே, வாதம் பண்ணலாமே என்று பிடித்துக்கொண்டேன். "நீங்க பண்றதுக்குப் பேரு வேஷதாரித்தனம்ணே." பொருளும் சொன்னேன்: வடமொழியில் வேஷம் என்றால் உடை, தாரி என்றால் தரித்தவர், உடுத்தியவர் என்று மட்டும் இருந்த சொல் பிற்பாடுதான் ஏமாற்றுக்காரருக்குப் போனது. பொறுமையாகக் கேட்டவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரே வரியில் கவிழ்த்தார்: "உடைதான் வேஷம்னா, உள்ள நீங்கல்லாம் அதைத்தானேமா வித்துக்கினு இருக்கீங்க?"

சித்தப்பாவின் தீக்குச்சி

முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு கல்யாண வீடே வந்து பாயில் உட்கார்ந்தது. அரக்கு நிறத்தில் ஒன்று பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. மடியை விட்டு இறக்கவில்லை. அப்போது அவளுடைய சித்தப்பா எழுந்தார். "இருங்க, எனக்குப் பட்டு பத்தித் தெரியும்" என்று முந்தி ஓரத்தில் ஒரு நூலை வெடுக்கென்று இழுத்து, தீக்குச்சியைக் கிழித்துக் கொளுத்தினார். நூல் உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது. "பார்த்தீங்களா? பட்டுன்னா சாம்பல் ஆவணும். இது போலி!"

கூட்டம் செருப்பைத் தேடியது. பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். ஆனால் நான் பார்த்துவிட்டேனே! அவர் இழுத்தது விலைச்சீட்டைக் கட்டியிருந்த நைலான் நூல். சீட்டு அவர் காலடியிலேயே கிடந்தது. வேலை போனால் போகட்டும்.

"சார், நீங்க கொளுத்துனது விலைச்சீட்டு கட்டின நூலு" என்று சீட்டை எடுத்துக் காட்டினேன். முந்தியில் தொங்கிய இழை ஒன்றைப் பிய்த்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பெண்ணே வாங்கிக் கொளுத்தினாள். முடி பொசுங்கிய வாடை வந்தது. விரலில் தேய்த்தாள், பொடிந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆளா? "போலிங்கிற சொல்லே 'போல'ங்கிறதுலருந்து வந்தது சார். எதைப் போலன்னு தெரியாதவங்க அந்த வார்த்தையைத் தொடவே கூடாது."

"தெரியும்மா, சும்மா உங்களைச் சோதிச்சுப் பார்த்தேன்" என்றார் சித்தப்பா. மொத்தக் கடையும் சிரித்தது. "இதையே பேக் பண்ணுங்கக்கா" என்றாள் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர்கள் போனதும் நான் கைப்பையை எடுத்து மாட்டினேன். முதலாளி கல்லாவிலிருந்தே கத்தினார்: "எங்க கிளம்பிட்ட? வாதம் பண்ணாதன்னுதான் சொன்னேன், ஜெயிக்காதன்னு சொல்லலையேம்மா!"

இப்போதெல்லாம் யாராவது போலி என்று வாயெடுத்தால் முதலாளி என்னைத்தான் கூப்பிடுகிறார், நானும் ஒன்றுமே தெரியாத அப்பாவி போல முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்துவரப் பழகிவிட்டேன்.