அந்தத் தோழிக்குப் பெயர் இல்லை

இன்று காலை போடியிலிருந்து தேவாரம் ஊருக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் டியூஷனுக்குப் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். ஒரே செல்போனில் ஒரு காதல் தொடரை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டிப் பார்த்தேன். ஆன்லைனில் நான் எழுதுகிற தொடர்தான். கொடியிடை, பால் நிறம் என்று கதாநாயகியை முதல் பத்தியிலேயே வர்ணித்திருப்பேன்.

ஒல்லியானவள் கேட்டாள், “இந்தக் கதையில நீ யாருடி?”

பருமனாக இருந்தவள் யோசிக்கவே இல்லை. “ஹீரோயினோட ஃப்ரெண்டு. எந்நேரமும் எதையாச்சும் தின்னுக்கிட்டே லெட்டர் கொண்டுபோய்க் குடுப்பால்ல, அவதான்.”

“அவ பேரென்ன?”

“பேரெல்லாம் வைக்கலடி. குண்டுன்னுதான் கூப்பிடுவாக.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பருமனானவள் பிரித்து வைத்திருந்த காராச்சேவுப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நாற்பது அத்தியாயம் எழுதியிருக்கிறேன். அந்தத் தோழிக்கு ஒரு பெயர் வைக்க எனக்குத் தோன்றவில்லை. எழுதியது நான்தான் என்று முன் சீட்டுப் பெண்ணிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை.

ப்ரொஃபைலில் என் படத்தைப் போடாமல் ஏன் ரோஜாப்பூவை வைத்திருக்கிறேன் என்று கமெண்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

காலையில் போடியில் இந்த பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். படியில் ஆள் தொங்குகிற கூட்டத்திலும் ஒரு சீட்டு மட்டும் காலியாக இருக்கும். அதற்குப் பக்கத்து சீட்டில், அதிலும் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான்.