வெயிலுக்கு இரண்டாம் ஒத்திகை

எங்கள் அண்ணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஊரே மழையில் நனையும்போது அவர் வெயிலைப் பற்றிக் கவலைப்படுவார். அவர் வார்டு சுகாதார ஆய்வாளர்; அதே அலுவலக வேனை ஓட்டுபவன் நான். ஆகவே அந்தக் கவலையை வீட்டில் ஒரு முறை, வண்டியில் ஒரு முறை என்று இரண்டு வேளையும் கேட்கும் பாக்கியம் எனக்கு.

காரணம் இல்லாமல் இல்லை. போன கோடையில் தகரக் கூரை அறையில் தனியாக இருந்த டீச்சரம்மா ஒருவர் வெயில் தாங்காமல் இறந்துபோனார். இரண்டு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். இனி ஒரு கதவையும் அப்படி உடைக்க விடமாட்டேன் என்று அண்ணி உட்கார்ந்து திட்டம் எழுதினார். தனியாக வாழும் இருபத்து மூன்று பேரின் பட்டியல் தயார். வெயில் நாற்பத்திரண்டைத் தொட்டால் அவர்களை நூலகத்தின் ஏ.சி. அறைக்கு அழைத்துவர வேண்டும். அங்கே ஐஸ், ஈரத்துண்டு, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் இருக்கும்.

குளிர்காலத்திலேயே ஒத்திகை வைத்தார், பட்டியலில் இருந்தவர்களுக்கே ஆளுக்கொரு வேஷம் கொடுத்து. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மயங்கி விழும் வேஷத்துக்கு மூன்று பேர் சண்டை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஜெயித்தார். மனிதர் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, பையில் போட்டுக்கொண்டு, சுத்தமான தரையாகப் பார்த்து விழுந்தார். கைதட்டல் போதவில்லை என்று மறுபடியும் விழுந்தார். கழுத்தில் ஐஸ் வைத்த தையற்கார அம்மாவிடம் கூசுகிறது என்று புகார் வேறு. நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

கோடை வந்தது. ஒரு நாள் நாற்பத்து நான்கு என்று அறிவித்தார்கள். அண்ணி காலையிலேயே எல்லோருக்கும் போன் செய்தார். ஒருவரும் மசியவில்லை. நான் பார்க்காத வெயிலா என்றார் ஒருவர். வயசாளிகளைக் கூப்பிடும்மா என்றார் எழுபத்தெட்டு வயதுக்காரர். பத்தரை மணிக்கு ஏ.சி. அறையில் நானும் அண்ணியும் உருகும் ஐஸும்தான். அண்ணிக்கு அழுகை முட்டியது.

சட்டென்று போனை எடுத்தார். "பதினொன்றரைக்கு இரண்டாவது ஒத்திகை. மேலதிகாரி பார்க்க வர்றார். அவங்கவங்க வேஷத்துக்கு வந்துடுங்க."

அவ்வளவுதான்! வேன் கொள்ளவில்லை. பவுடர் வாசனையில் எனக்குத் தும்மல். வழியெல்லாம் யார் எங்கே நிற்பது என்ற தகராறு. கண்டக்டர் மட்டும் வேனுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல், தேய்த்த சட்டையோடு நடந்தே வந்தார். வாசலில் கால் வைத்ததும் தொப்பென்று விழுந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான், வெட்கத்தோடு சொல்கிறேன்.

அண்ணி தட்டவில்லை. கண்டக்டர் கண்ணாடி போட்டபடியே விழுந்திருந்தார், அது உடைந்திருந்தது. அண்ணி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"இது நடிப்பு இல்ல," என்றார்.

ஒரு நொடிதான் திகைப்பு. பிறகு ஐஸ் வேஷம் ஐஸ் எடுத்தது, விசிறி வேஷம் விசிறியது, போன் வேஷம் ஆம்புலன்ஸை அழைத்தது. ஒருவர்கூடத் தடுமாறவில்லை. நான்தான் மரம் மாதிரி நின்றேன்; டிரைவருக்கு யாரும் வேஷம் தரவில்லையே.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்டக்டர் எழுந்து உட்கார்ந்தார். காலையெல்லாம் தன் வீட்டுத் தகரக் கூரைக்கு அடியிலேயே வெந்திருக்கிறார், அங்கேயே விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அண்ணிக்கு ஆறவில்லை. தன் பொய்தான் அவரை வெயிலில் நடக்க வைத்தது என்று இரண்டு இரவு தூங்காதவர், கட்டிலருகே போய் உண்மையைக் கொட்டிவிட்டார்.

"தெரியும்மா," என்றார் கண்டக்டர். "அந்த வெயில்ல எந்த மேலதிகாரி வருவான்?"

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"காலையில, தனியா இருக்கீங்க, ஜாக்கிரதைன்னு சொன்னே. போனை வெச்சுட்டேன். அப்புறம் வேஷம் இருக்கு, வாங்கன்னே. சட்டையைத் தேய்ச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அடுத்த தடவையும் ஒத்திகைன்னே சொல்லும்மா. எல்லாரும் வருவோம். மயங்கி விழறதை மட்டும் வேற யாருக்காவது குடு."

அண்ணி சிரித்தார், சிரிக்கும்போதே அழுதார். பிறகு பையிலிருந்து திட்டத்தை எடுத்து, அவருக்கு என்ன வேஷம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.