சிரிக்கக் கூடாத வீடியோவில் சலீம் மாமா

"சலீம் மாமா மவுத்தாயிட்டாரு மச்சான்" என்று தினேஷிடமிருந்து காலையில் வாட்ஸப் வந்தது. "இதுக்கெல்லாம் ஏமாற மாட்டேன், மாமாகிட்ட வேற ஐடியா கேளு" என்று பதில் போட்டுவிட்டுப் பல் விளக்கப் போனேன். மாமாவுக்கும் எனக்கும் நடுவே யார் யாரை ஏமாற்றுவது என்ற போட்டி அந்த லட்சணத்தில் நடந்துகொண்டிருந்தது. தினேஷ் உடனே போன் செய்தான். பேசவில்லை, அழுதான். அவனுக்கு நடிக்க வராது. அதனால்தான் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறான். அப்போதுதான் நம்பினேன்.

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அவரிடம் செருப்பு வாங்கியவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. எங்கள் பாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு "யாருப்பா அந்தச் சிரிப்பு மாமா?" என்று கமெண்டில் கேட்டீர்களே, உங்களுக்குச் சொல்கிறேன். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிச் செருப்புக்கடை வைத்தவர். தினேஷுக்குப் பக்கத்து வீடு. மாரடைப்பு. விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவர்களின் வீடியோக்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. படம் பழைய டிவி மாதிரி சதுரமாக இருக்க வேண்டும். புதுக் கேமராவில் எடுத்த படத்தின் மேல் வேலை மெனக்கெட்டுக் கீறலும் தூசும் போட வேண்டும். ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நடக்க வேண்டும். நடுவில் தெருவில் போகிற யாரோ ஒருவர் கேமராவை நேராகப் பார்த்துச் சும்மா நிற்க வேண்டும். எல்லாமே ஸ்லோமோஷன். முக்கியமாக, யாரும் சிரிக்கவே கூடாது. எல்லார் முகமும் அரியர் வந்த முகமாக இருக்க வேண்டும். தினேஷ் சிதம்பரத்தில் விஸ்காம் படிக்கிறான். இந்தச் சட்டத்தில் அவன் கறார். "சிரிச்சா அது கல்யாண வீடியோ மச்சான்" என்பான்.

அந்தச் சும்மா நிற்கிறவர் வேலைக்குத்தான் மாமா வந்தார். முதல் பாட்டுக்குக் கடை வாசலிலேயே நிறுத்தினோம். கேமராவைப் பார்த்ததும் உதடு கோணியது, தோள் குலுங்கியது, வெடித்துவிட்டார்.

"மாமா, ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நில்லுங்க" என்றான் தினேஷ்.

"அதுலயே நான் சிரிச்சிக்கினுதான்டா இருக்கேன். ஆமா, ஒங்க பாட்டுல யாருடா செத்துப்போனது, இப்படி மூஞ்சிய வெச்சிக்கினு கீறீங்க?"

வேறு வழியில்லாமல் சிரிப்பையே போட்டோம். பாட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மாமாவைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். அதிலிருந்து எங்கள் ஒவ்வொரு வீடியோவிலும் சட்டத்தை மீறுகிற ஒரே ஆளாக அவர் நின்றார்.

சில்வர் பீச்சில் எடுத்தது அடுத்தது. ஸ்லோமோஷனில் உதடு பாட்டோடு ஒட்ட வேண்டுமென்றால் ஒரு தந்திரம் உண்டு. பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு அதற்கு வாயசைக்க வேண்டும். பிறகு படத்தை மெதுவாக்கினால் உதடு சரியாக வந்துவிடும், அலை மட்டும் சோம்பேறியாகப் புரளும். ஸ்பீக்கரைத் தூக்கி வருவதும் போடுவதும் என் வேலை. வாயும் அடங்காது என்பதால் மாமா எனக்கு வைத்த பெயரே ஸ்பீக்கரு. கீச்சு கீச்சென்று பாட்டு ஓடியதும் அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"டேய் ஸ்பீக்கரு, எலி வூட்டுக் கல்யாணமாடா?"

"ஆமா மாமா. நீங்கதான் மாப்ள வூட்டு ஆளு, மீசைய முறுக்குங்க."

அதற்குப் பழிவாங்கிவிட்டார். கடலைப் பார்த்து நடக்கிற காட்சி எனக்கு. "ஷூட்டிங்குக்குன்னு புதுசா எடுத்தாந்தேன்டா" என்று ஒரு ஜோடிச் செருப்பு கொடுத்தார். இரண்டும் இடது கால். போட்ட பிறகுதான் தெரிந்தது, அதற்குள் கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. நொண்டி நொண்டி நடந்தேன். தினேஷ் உருகிப்போனான். "செம ஃபீல் மச்சான்!" வீடியோ வந்த பிறகு யாரோ ஒருவர், "அந்த நடையில் இருக்கும் வலி என்னைத் தூங்க விடவில்லை" என்று எழுதியிருந்தார். மாமா அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். வலது கால் செருப்புகளைக் கேட்டபோதெல்லாம், "வித்துட்டேன்டா, ரெண்டு வலது கால் உள்ளவன் ஒருத்தன் வந்தான்" என்பார்.

கடைசியாக எடுத்தது சிதம்பரம் தெற்கு வீதியில். நீலநிற ஷட்டர் ஒன்றின் முன்னால் மாமா நிற்க வேண்டும். என் ஸ்பீக்கர் அன்றைக்குப் பார்த்து போனோடு சேரமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒருவழியாகச் சேர்ந்தபோது தினேஷ் தலையில் அடித்துக்கொண்டான். கேமராவை ஸ்லோமோஷனில் வைக்காமலேயே அதுவரை ஓடவிட்டிருக்கிறான். "வேஸ்ட் மச்சான், திரும்ப எடுக்கணும்." "வுடு, நம்ம வேலையே ஸ்லோமோஷன்லதான நடக்குது" என்றேன். மாமா அதற்கும் சிரித்தார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனோம். கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருந்ததால் மாமி உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். எங்கள் வீடியோக்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறாராம்.

"எல்லாத்துலயும் அவுரு வாய் அசையுது, சிரிக்கிறாரு. சத்தம்தான் இல்ல. அவுரு கொரலு ஒங்ககிட்ட எங்கயாச்சும் இருக்குமாப்பா? எங்க போன்ல ஒண்ணுமே இல்ல. பக்கத்துலயே இருக்குற மனுசன், எதுக்குப் பதிவு பண்ணப் போறோம்?"

தினேஷின் கேமரா ஸ்லோமோஷனில் சத்தத்தைப் பதியாது. பதிந்த கொஞ்சநஞ்சத்தையும் வீடியோ முடிந்ததும் அவன் அழித்துவிடுவான். அத்தனை பாட்டிலும் அவரை நிறுத்தி, அவர் குரலை மட்டும் வெளியே நிறுத்தியிருக்கிறோம்.

தெரு முனை வரை வந்துவிட்டோம். திடீரென்று தினேஷ் நின்றான். "மச்சான், சிதம்பரம். அந்த வேஸ்ட்டு." செமஸ்டர் வந்ததால் அந்த வீடியோவை அவன் தொடவே இல்லை. ஓடினோம். கார்டில் இருந்தது. நீல ஷட்டர், சாதாரண வேகம், தெருச் சத்தம், நடுவில் மாமா.

"ஓடுதாடா?"

"ஓடுது மாமா, அசையாதீங்க."

"ஸ்பீக்கரு பாட்டப் போட மாட்டறான், நீ அசையாதன்ற. கடையப் பூட்டிட்டு இங்க வந்து நிக்கறன்னு ஒங்க மாமிக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கடா."

"சொல்ல மாட்டோம் மாமா, பாட்டா பாடிக் காட்டறோம்."

அப்புறம் அந்தச் சிரிப்பு. இருமல் வரும்வரை சிரிப்பு.

மாமியைப் பற்றிப் பேசியதை வெட்டிவிடலாம் என்றான் தினேஷ். சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதை அவர் போன பிறகு சொல்வதா? வெட்டிப் பார்த்தோம். "ஓடுதாடா?"வும் சிரிப்பும் மட்டும் மிஞ்சின. அது எங்கள் வீடியோ மாதிரி இருந்தது, மாமா மாதிரி இல்லை. முழுசாகவே கொண்டுபோனோம்.

மகள் ரஹீமா போனை வாங்கிக்கொண்டு திரைக்குள் போனாள். மாமாவின் குரல் கேட்டது. முடிந்தது. மறுபடி "ஓடுதாடா?" உள்ளேயிருந்து மாமி சிரிக்கிற சத்தம் வந்தது, அழுகையும் கலந்து.

"பூட்டிட்டு வந்தாராமா? அவுரு பஸ் ஏறுன ஒடனே இன்னொரு சாவிய எடுத்துக்கினு போயி நான்தான்ப்பா தொறந்து ஒக்காருவேன். ஒவ்வொரு தடவையும். அவருக்குத் தெரியவே தெரியாது."

கிளம்பும்போது ரஹீமா ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினாள். கடையில் கல்லாவுக்குக் கீழே இருந்ததாம். ஜோடி சேராததை வாப்பா எதற்கு வைத்திருந்தார் என்று அவளுக்குப் புரியவில்லை. திறந்தேன். இரண்டு செருப்பு. இரண்டும் வலது கால்.

சிதம்பரம் பாட்டு வெளிவரும்போது அந்த வேஸ்ட்டைத்தான் முதலில் பார்ப்பீர்கள், சாதாரண வேகத்தில், சத்தத்தோடு. மாமி அனுமதி கொடுத்துவிட்டார். வீட்டில் கிடந்த இரண்டு இடது காலோடு சேர்த்து, எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது இந்த இரண்டு ஜோடி. தினமும் போட்டுக்கொள்கிறேன். ஒழுங்காகத்தான் நடக்கிறேன், மாமா. தினேஷுக்குத்தான் ஃபீல் வரவில்லையாம்.