மோட்டார் ஓடும் நேரம்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, நீங்கள் எல்லாரும் அக்காவைப் பற்றி ஒரே சொல்லைத்தான் சொல்கிறீர்கள்: உழைப்பாளி. அதற்கு மேல் அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. கோபமாக எழுதுகிறேனே என்று நினைத்தால், ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன்.

இலுப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் அக்கா. அவர் கல்லூரியில் சேர்ந்த வருடமே அப்பா படுக்கையில் விழுந்தார். படித்தது போதும் என்று அக்காவை நிறுத்தி, ஒன்றரை ஏக்கர் கடலைக் கொல்லையையும் இரண்டு மாடுகளையும் அவர் தலையில் கட்டினார்கள். கல்யாணப் பேச்சையும் அத்தோடு மறந்துபோனார்கள். அக்கா தபால் வழியிலேயே பட்டத்தை முடித்து, தத்துவத்தில் எம்.ஏ.யும் வாங்கினார். அதன் பிறகும் படிப்பை விடவில்லை.

வீட்டில் படிக்க முடியாது. புத்தகத்தைத் திறந்தால், "சும்மாதான உக்காந்திருக்க, இந்த வெங்காயத்தை உரி" என்று யாராவது கூப்பிடுவார்கள். பால் கறக்கும்போது யாரும் கூப்பிட்டதில்லை. அது வேலை அல்லவா! அதனால் மும்முனை மின்சாரம் வரும் நேரம் மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுவார். ஒரு பாத்தி நிரம்பும் வரை படிப்பார். மடையை மாற்றிவிட்டு வந்து, விட்ட வரியில் தொடர்வார். அவருடைய எல்லாப் புத்தகங்களிலும் சேற்று விரல் பட்டிருக்கிறது.

"தத்துவம் படிச்சா கடலை வெலை ஏறுமா?" என்று சித்தப்பா கேட்பார்.

"அது கடலைக்கு இல்ல சித்தப்பா, எனக்கு" என்பார் அக்கா.

ஒரு பொங்கலுக்குத் திருச்சியிலிருந்து வந்த அண்ணன், வாய்க்காலை மூடிச் சொட்டுநீர்க் குழாய் போட்டார். செல்போனிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கருவியையும் மாட்டினார். "இனிமே நீ கொல்லையில காவ காக்க வேணாம் ஆத்தா. வீட்டுல இருந்தே போடலாம்" என்று அக்காவிடம் சொன்னார். எல்லாரும் அண்ணனைப் பாராட்டினீர்கள். மிச்சமான நேரத்தையும் பங்கு போட்டுக்கொண்டீர்கள். அண்ணன் வீட்டுக்கு ஊறுகாய் போட அக்கா, சித்தி வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்க அக்கா, அத்தை வீட்டு வளைகாப்புக்குச் சமைக்க அக்கா. அந்த நாட்களில் ஒரு பக்கம் படிக்கக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

பிறகு அந்தக் கருவி பழுதாயிற்று. எலக்ட்ரீசியன் தம்பி வந்து பார்த்து, "இது தேறாதுங்க" என்றார். மோட்டாரைப் போட்டு நிறுத்த ஆள் வேண்டுமே, அக்கா மறுபடி கொட்டகைக்குப் போனார். "ஒனக்கு ஒரு பொருளை வச்சுக்கத் தெரியல" என்று அண்ணன் திட்டினார்.

கடைசி நாட்களில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் தன் கண்ணாடியைக் கேட்டார். "இப்பவும் புஸ்தகமா?" என்று கொடுக்காமல் வைத்துக்கொண்டீர்கள். நான் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தபோது, படிக்கும் தெம்பு அவருக்கு இல்லை.

கருமாதி முடிந்ததும், கருவியை மாற்ற அண்ணன் அதே எலக்ட்ரீசியனை வரச் சொன்னார். அவர் அதைத் திறந்து, கழற்றி டேப் சுற்றியிருந்த ஒரு வயரைக் காட்டினார். "இது பழுதே ஆகலைங்கண்ணே. பெரியக்காதான் கழட்டி வச்சாங்க. யாருக்கும் சொல்லாத தம்பின்னாங்க, நானும் சொல்லல."

நீங்கள் சிரித்தீர்கள். என்ன சாமர்த்தியம் என்றீர்கள். புத்தகம் படிக்க ஒரு பெண் தன் சொந்தக் கொல்லையில் திருட்டுத்தனம் செய்ய வேண்டியிருந்தது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

துக்கத்துக்கு வந்தவர்கள், மாலை போட்டவர்கள், பந்தலும் சாப்பாடும் பார்த்துக்கொண்டவர்கள் எல்லாருக்கும் முறைப்படி நன்றி. மனதாரச் சொல்லும் நன்றி ஒருவருக்குத்தான்: வாயைத் திறக்காத அந்த எலக்ட்ரீசியன் தம்பிக்கு. இத்தனை பெரிய குடும்பத்தில் ஒருவரும் செய்யாத உதவியை அவர் செய்தார்.

உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்ட நான்தான் இப்போது கொல்லையைப் பார்க்கிறேன். அந்த வயரை மாட்ட விடவில்லை. அக்காவின் புத்தகங்களைக் கொட்டகைக்கே கொண்டுபோய்விட்டேன். மோட்டார் ஓடும் நேரத்தில் என்னைக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டாலும் வரமாட்டேன்.

— தங்கை