நடுங்காத கை

விரிப்பின் மூலையைத் தூக்கி மெத்தையின் மேல் முக்கோணமாகப் படுக்க வைத்து, கீழே தொங்குவதை உள்ளே செருகி, பிறகு முக்கோணத்தை இறக்கி அதையும் செருகுகின்றன இரண்டு கைகள். புறங்கையால் ஒரு தேய்ப்பு. சுருக்கம் போய்விட்டது. கட்டிலில் ஆள் படுத்திருக்கும்போதே இவ்வளவும் நடக்கிறது. படுத்திருக்கும் பொன்னுத்தாய் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. ஜீயபுரத்தில் விட்டுவந்த எருமைக்கு மருமகள் ஒழுங்காகத் தீனி வைக்கிறாளா என்பது அவள் கவலை.

கைகளுக்கு உரியவள் வள்ளிக்கண்ணு. திருச்சியில் இந்த ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் பயிற்சிக்கு வந்தவள். இரண்டாம் வருடம் முடியப்போகிறது. ஊர், போன வருடம் சுதந்திரம் வாங்கிய மலேயா. தெலுக் ஆன்சன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டுகிறார், அதாவது பட்டையைச் சீவிப் பால் வடிக்கிறார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தியும் இல்லை. படித்துவிட்டு வந்தால் வேலை உனக்குத்தான் என்று துரை சொன்னதை நம்பிக் கப்பலேறினாள்.

மலேயாவிலிருந்து வந்தவள் என்றால் இங்கே பணக்காரி என்று அர்த்தம். ஆயாக்கள் சென்ட் கேட்கிறார்கள், குடை கேட்கிறார்கள். அவளிடம் இருப்பது ஒரு கோடாலித் தைலச் சீசா. மனம் படபடத்தால் மூக்கடியில் ஒரு சொட்டுத் தடவிக்கொண்டு, "பெலான், பெலான்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். மலாய் மொழியில் மெதுவாக, மெதுவாக என்று பொருள். தைல வாசனை வந்தால் வார்டு சிஸ்டர் வந்துகொண்டிருக்கிறார் என்று நோயாளிகள் தெரிந்துகொள்கிறார்கள்.

சிஸ்டர் சவரியம்மாள் கத்துகிறவர் அல்ல. வள்ளிக்கண்ணு முதன்முதலில் ஊசி போட்டபோது முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். கை நடுங்கிவிட்டது, நோயாளி அலறினாள். அன்று தொடங்கி, கட்டில் கட்டிலாக நின்று இரக்கத்தோடு சொல்லி வைக்கிறார்: "இந்தப் பொண்ணுக்குக் கை கொஞ்சம் நடுங்கும். தூர தேசத்துப் பொண்ணு, பாவம். பொறுத்துக்குங்க."

"அங்க ரப்பர் மரத்துக்கு ஊசி போட்டுப் பழகியிருப்பா" என்பாள் அடுத்த கட்டில் வெள்ளையம்மாள். வார்டு சிரிக்கும். வள்ளிக்கண்ணுவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, ஓய்வு கிடைத்ததும் சமையற்கட்டுக்குப் போவாள்.

அங்கே தொட்டியத்து வாழைத்தண்டு வந்து கிடக்கும். ஒரு துண்டு கேட்டு வாங்கி, மழுங்கிப்போன பழைய ஊசியால் அதற்குள் தண்ணீர் ஏற்றிப் பழகுவாள்.

"தண்டுக்கு இன்னிக்குக் காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?" என்பார் சமையல்காரர் பிச்சமுத்து.

"இறங்கிருச்சுண்ணே. நீங்க செத்த என் முதுகுக்குப் பின்னால வந்து நில்லுங்களேன். முறைச்சுப் பாருங்க."

அவர் கரண்டியும் கையுமாக வந்து நின்று முறைப்பார். "எனக்குச் சிரிப்புத்தாம்மா வருது."

"சிரிக்காதீங்கண்ணே. இன்னும் நல்லா முறைங்க."

இப்படியே மூன்று மாதம். சிஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓர் ஊசியைச் சரியாகப் போட்டுக் காட்டினால் மூன்றாம் வருடம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பரீட்சை வந்தது. பொன்னுத்தாய்க்குப் பென்சிலின். அன்று வார்டில் தைல வாசனை இல்லை. வள்ளிக்கண்ணு மருந்தைக் குலுக்கி ஊசிக்குழாயில் இழுத்தாள். சிஸ்டர் பின்னால் நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டு குனிந்தாள்.

பொன்னுத்தாய் தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதே கண்ணு. எனக்குத் தலை சீவி விடுறே, பீ மூத்திரம் எடுக்குறே. நான் பெத்ததுகூட இப்படிச் செய்யாது. ஊசி மட்டும் வேற யாராச்சும் போடட்டுமே. உனக்குக் கை நடுங்குமாமே."

"இப்ப நடுங்கலைங்கம்மா. பாருங்க."

கையை நீட்டிக் காட்டினாள். நடுங்கவில்லை. பொன்னுத்தாய் அந்தக் கையைப் பார்க்கவில்லை. சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள்.

"நோயாளிக்கே உன்மேல நம்பிக்கை இல்லையேம்மா. நான் என்ன பண்றது?" என்றார் சிஸ்டர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இந்த வருஷம் வேண்டாம், ஊருக்குப் போ. நசீரா, நீ வந்து போடு."

நசீரா கூடப் படிப்பவள், பாலக்கரைப் பெண். "சிஸ்டர், அவளே நல்லா..." என்று ஆரம்பித்தாள்.

"போடுன்னா போடு."

வள்ளிக்கண்ணு ஊசிக்குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே ஒரு காற்றுக் குமிழ் இருந்தது. நகத்தால் இரண்டு முறை சுண்டி மேலே ஏற்றி, அதை வெளியே தள்ளினாள். குழாயைத் தட்டில் கிடத்தி, பக்கத்தில் ஈரப் பஞ்சை வைத்தாள். பிடிக்கும் பக்கம் நசீராவுக்கு வாகாக வரும்படி தட்டைத் திருப்பி நீட்டினாள்.