பேரரசரின் சட்டமும் ரோகிணியின் பத்திரமும்

செங்கல்பட்டில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ரோகிணி தட்டச்சு அடித்த பதினான்கு வருஷத்தில், எத்தனை பெண்களின் பங்கு அவள் விரல் வழியாகக் கைமாறியது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. விடுதலைப் பத்திரம் என்று அதற்கு அழகாகப் பெயர் வேறு. அப்பன் நிலத்தில் தனக்குள்ள பங்கை விட்டுக் கொடுத்ததாகப் பெண் எழுதிக் கொடுப்பாள். கூடப் பிறந்தவன் தட்டில் புடவையும் பூவும் வைத்துக் கொடுப்பான். முடிந்தது. "மேற்படி சொத்தில் இனி எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை" என்ற வரியை அவள் விரல்கள் தூக்கத்தில்கூட அடிக்கும். வாசித்தால் வேகம் குறையும் என்று எதையும் வாசிக்காமலே அடிப்பவள்.

1998 ஆவணியில் அந்தப் பத்திரம் அவளுக்கே வந்தது. அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்திருந்தார். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர். சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகள் வந்ததும் அந்தப் பொட்டல்காட்டுக்கு வந்த மவுசு கொஞ்சமில்லை. அண்ணன் கண்ணாயிரம் முத்திரைத்தாளோடு வந்து நின்றான்.

"வெள்ளிக்கெயம பதியணும். நீயே அடிச்சிடு."

நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்! ரோகிணி தாளை வாங்கவில்லை. "இல்லண்ணா, மோனிஷாவுக்குன்னு எதுனா..."

"உன் பொண்ணு இன்னிக்கோ நாளிக்கோ வயசுக்கு வந்துடும். தாய்மாமன் சீர்த்தட்டு தூக்கிகினு வரணுமா வேணாமா, நீயே ரோசன பண்ணிக்கோ."

புருஷன் லாரி விபத்தில் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது இந்த ஒருத்தன்தான். தாய்மாமன் வராத சடங்கை ஊர் எப்படிப் பேசும் என்று அவளுக்குத் தெரியாதா? தாளை வாங்கி வைத்தாள்.

புதன்கிழமை ஜெபகுமார் வந்தார். படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துபவர். வியட்நாம் பேரரசர்களைப் பற்றிய ஆய்வேட்டை அவளிடம் அடிக்கக் கொடுத்திருந்தார். ஒரு பக்கத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

"இன்னாம்மா இது? ராஜா சொன்னதத் தலைகீழா அடிச்சு வச்சிருக்கீங்க."

பார்த்தாள். 'மகள்களுக்கும் சொத்தில்' என்பது வரை சரி. அதற்குமேல் 'யாதொரு பாத்தியமும் இல்லை' என்று இருந்தது. கை பழக்கதோஷத்தில் தானே ஓடியிருக்கிறது. ரோகிணிக்கு முகம் செத்துப்போயிற்று.

"திருப்பி அடிச்சுத் தரேன் சார்."

இந்த முறை ஒவ்வொரு வரியாக வாசித்து அடித்தாள். லே தான் தோங் என்ற பேரரசர், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியவர். தேர்வில் தேறியவர்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தவர். புலவர்களைக் கூட்டிவைத்துத் தானும் கவிதை எழுதியவர். அவர் காலத்துச் சட்டத்தில், உயில் இல்லாமல் பெற்றோர் இறந்தால் இருபதில் ஒரு பங்கு முன்னோர் வழிபாட்டுக்கு. மீதியில் மகள்களுக்கும் பங்கு. பின்னால் வந்த இன்னொரு பேரரசர் புதுச் சட்டம் போட்டு அந்த உரிமையைச் சுருக்கிவிட்டார் என்றும் அடுத்த பத்தியில் இருந்தது. கொடுத்தவரும் ராஜா, பிடுங்கியவரும் ராஜா. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே எந்த ராஜாவும் பிடுங்கவில்லை. தன்னுடையதைத் தானே அல்லவா அடித்துக் கொடுக்கப் போகிறாள்!

ஆனாலும் பத்திரத்தை அடித்தாள். பயம் அப்படி. வெள்ளிக்கிழமை கையெழுத்தும் போட்டாள். புடவைத் தட்டோடு கண்ணாயிரம் பக்கத்திலேயே நின்றான், கண்ணை எடுக்கவில்லை. பதிவாளர் மைப்பெட்டியை நகர்த்திவிட்டு, எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"விவரம் தெரிஞ்சு சம்மதிச்சுத்தான கையெழுத்து போட்டீங்க?"

கட்டைவிரல் மைக்கு மேலே நின்றது.

"விவரம் தெரியும் சார்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். "விவரம் தெரியும். சம்மதம் இல்ல."

பதிவாளர் பத்திரத்தை ஒதுக்கி வைத்தார். கண்ணாயிரம் புடவையை மட்டும் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனான். ரோகிணி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளுக்குத் தட்டில் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உனுக்கு மாமன் சீரு வராதுடி," என்றாள். "நெலம் வரும்."