நரி விரட்டும் தூக்கம்

தூங்கும் குழந்தை முகத்தைச் சுளித்தாலும் சிரித்தாலும் எங்கள் குன்னம் பக்கத்தில் 'நரி விரட்டுது' என்பார்கள். கனவில் வரும் நரி அழவும் வைக்குமாம், சிரிக்கவும் வைக்குமாம். அதற்காக யாரும் பிள்ளையை எழுப்ப மாட்டார்கள்.

என் முதல் பிள்ளைக்கு மூன்றாம் மாதம் காய்ச்சல் கண்டது. தூக்கத்தில் கைகால் வெட்டியது. "நரி வெரட்டுதுடி, தூங்கட்டும் வுடு" என்றாள் அம்மா. விட்டேன். அது வலிப்பு என்று தெரிந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விட்டவள் நான்தானே.

தொண்ணூற்றெட்டில் மகள் பிறந்தாள். சூடு கண்ட பூனையாகத் தொட்டிலடியிலேயே கிடந்தேன். தூக்கத்தில் அவள் இமை துடித்தால் எழுப்புவேன். விரல் அசைந்தால் உள்ளங்காலைச் சுண்டுவேன். அம்மா தடுக்கவில்லை, அவளுக்கும் பயம். பத்து நாளில் பிள்ளை ஓயாமல் அழுதது. பால் குடிக்கும்போதே கண் சொருகியது. அதைப் பார்த்தும் பயந்து எழுப்பினேன்.

மறுபடியும் பெரம்பலூருக்கு ஓடினேன். டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார்.

"முழிச்சதும் வெட்டுறது நின்னுடுதா?"

"நின்னுடுதுங்க."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப இது வலிப்பு இல்லம்மா. பச்சப்புள்ள தூங்குறதுல பாதி, நாம கனவு காணுற மாதிரி தூக்கம். கண்ணு துடிக்கும், கைகால் துள்ளும். அந்த நேரத்துலதான் மூளை வளருது. அதைப் பாத்துப் பாத்து எழுப்பியிருக்கீங்க. முழிச்சிருக்கிறப்ப வெட்டினாலோ, காய்ச்சலோட வெட்டினாலோ மட்டும் ஒடனே தூக்கிட்டு வாங்க."

ஒன்றைத் தூங்கவிட்டுப் பறிகொடுத்தேன், இன்னொன்றைத் தூங்கவிடாமல் வதைத்திருக்கிறேன். எதைச் செய்தாலும் தப்பாகப் போகிறவள் எப்படிப் பிள்ளை வளர்ப்பது என்று பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன்.

வீட்டுக்கு வந்து தொட்டிலில் போட்டதும் மகள் தூங்கிவிட்டாள். சற்று நேரத்தில் இமை துடித்தது. கட்டைவிரல் வெட்டியது. என் கை தானாக நீண்டது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நெத்தி சுடுதான்னு மட்டும் பாரு" என்றாள்.

சுடவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளை உதட்டைப் பிதுக்கியது, பிறகு சிரித்தது.

நரி என்ற பேச்சையே அம்மா எடுக்கவில்லை.